திருகோணமலையில கணக்கை விளையாட்டாத் தொடங்க நினைக்கிறவங்களுக்கு: கடிதம், செலவு, நேரம், கவனிக்க வேண்டிய இடங்கள்

நான் கணக்கு டீச்சர் இல்ல. டவுனில ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கெழுதுறன், வீடு உப்புவெளிப் பக்கம். மகள் தரம் 7 படிக்கேக்க ஒரு நாள் டியூசனால வந்து கொப்பியை மேசையில போட்டுட்டு “அம்மா கணக்கு எண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்குது” எண்டு சொன்னா. அண்டைக்கு ராத்திரி நான் சின்னனில அப்பப்பாவோட புளியங்கொட்டை வைச்சு விளையாடினது, மார்கழி மாசம் அம்மம்மா கோலம் போடேக்க கோடு எங்க முடியும் எண்டு பக்கத்தில இருந்து பார்த்தது எல்லாம் ஞாபகம் வந்துது. அதெல்லாம் கணக்குத்தானே, ஆனா அப்ப ஒருத்தரும் எங்களுக்கு மார்க்ஸ் போடேல்ல.

அதில இருந்துதான் சனிக்கிழமையில பிள்ளையளும் பெரியாக்களும் சேர்ந்து புதிர், விளையாட்டு, கோலம், இன்னும் ஒருத்தரும் விடை காணாத கணக்கு எண்டு இருந்து பார்க்கிற ஒரு சின்னக் கூட்டம் தொடங்கினன். இடம் கிடைக்க, கடிதம் சரிவர, ஆக்கள் நிலைக்க எட்டு மாசம் போச்சு. நீங்க ஒரு மாசத்தில தொடங்கலாம், நான் எங்க எங்க மாட்டுப்பட்டன் எண்டு கீழ ஒழுங்கா எழுதியிருக்கிறன். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் எங்க இருந்தாலும் இதே ஒழுங்குதான்.

1. முதல்ல ஒரு கிழமை நீங்க தனிய விளையாடுங்க

ஆக்களைக் கூப்பிட முதல் இதைச் செய்யுங்க. உங்களுக்கே ருசி பிடிக்காம மற்றவைக்குக் காட்டினா அது வகுப்பு மாதிரித்தான் வரும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிசம் காணும்.

நாலு இலக்க எண் ஒண்டு எழுதுங்க, நாலும் ஒரே இலக்கமா இருக்கக் கூடாது. அந்த இலக்கங்களைப் பெருசில இருந்து சின்னனுக்கு அடுக்கி ஒரு எண், சின்னனில இருந்து பெருசுக்கு அடுக்கி இன்னொரு எண், பெரியதில இருந்து சின்னதைக் கழியுங்க, வாற விடைக்கும் அதையே திரும்பச் செய்யுங்க. 3524 எண்டு எடுத்தா 5432 கழித்தல் 2345, அது 3087. பிறகு 8730 கழித்தல் 0378, அது 8352. பிறகு 8532 கழித்தல் 2358, அது 6174. இனி எத்தினை தரம் செய்தாலும் 6174 தான். எந்த எண்ணில தொடங்கினாலும் கூடினது ஏழு தரத்தில அங்க வந்து நிக்கும். இதைக் கண்டுபிடிச்ச டி. ஆர். கப்ரேக்கர் மகாராஷ்டிராவில தேவ்லாலி எண்ட ஊரில பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவர், பெரிய ஆய்வுகூடம் ஒண்டும் அவரிட்ட இருக்கேல்ல.

இதில ஒரு இடம் கவனம். 2111 எடுத்தா 2111 கழித்தல் 1112, விடை 999. இதை 999 எண்டு மூண்டு இலக்கமா எழுதினா அடுத்த வரியில பூச்சியம் வந்து விளையாட்டு நிண்டிடும், பிள்ளை “அம்மா இது பொய்” எண்டு சொல்லும். 0999 எண்டு எழுதணும், அப்ப 9990 கழித்தல் 0999 எண்டு ஒழுங்கா ஓடும். எங்கட வீட்டில இந்தப் பூச்சியத்தாலதான் முதல் நாள் சண்டை.

ரெண்டாவது விளையாட்டு இன்னும் லேசு. ஒரு எண்ணைத் திருப்பி எழுதி அதோட கூட்டுங்க. 59 ஓட 95 கூட்டினா 154, அதோட 451 கூட்டினா 605, அதோட 506 கூட்டினா 1111, முன்னால வாசிச்சாலும் பின்னால வாசிச்சாலும் ஒண்டுதான். சின்ன எண்கள் அநேகமாக் கெதியா இப்பிடி வந்து நிக்கும், ஆனா 89 உம் அதைத் திருப்பின 98 உம் 24 தரம் இழுத்து 8813200023188 ல போய் நிக்கும். 196 எடுத்தா? கம்ப்யூட்டர் வைச்சுக் கோடிக்கணக்கான இலக்கம் நீளமா வாற வரைக்கும் கூட்டிப் பார்த்தும் நிக்கேல்ல, நிக்கவே நிக்காது எண்டு நிரூபிக்கவும் ஒருத்தராலயும் ஏலேல்ல. கூட்டல் மட்டும் தெரிஞ்ச எட்டு வயசுப் பிள்ளைக்கு உலகத்தில ஒருத்தருக்கும் விடை தெரியாத கேள்வி விளங்குது எண்டது எனக்கு இண்டைக்கும் பெரிய விசயம்.

இந்தக் கிழமை ஒரே ஒரு கட்டுப்பாடு, மாட்டுப்பட்டா ரெண்டு நாளைக்கு போனில விடை தேடாதீங்க. அந்த ரெண்டு நாள் பஸ்ஸில போகேக்க, சோறு வடிக்கேக்க மண்டைக்குள்ள ஓடுமே, அதுதான் இதின்ர முழு ருசியும்.

2. சாமான்: எது வாங்கணும், எதை இப்ப வாங்கக் கூடாது

நான் முதல் செய்த பிழை போய் ரூபிக்ஸ் கியூப் ஆறு வாங்கினது. மலிவானது இறுகி நிக்கும், பிள்ளையள் ரெண்டு நாள் திருப்பிட்டு ஸ்டிக்கரை உரிச்சு ஒட்டுவாங்க, வீடியோ பார்த்து மனப்பாடம் பண்ணினவங்க மட்டும் செய்வாங்க, மற்றவங்க பார்த்துக்கொண்டு இருப்பாங்க. ஒண்டு காணும், அதுவும் பிறகு.

ஈர்க்குக் கட்டு ஒண்டு, வீட்டு விளக்குமாறில இருந்து எடுக்காம புது ஓலையில சீவினா கை குத்தாது. புளியங்கொட்டை இல்லாட்டி குன்றிமணி இல்லாட்டி போத்தல் மூடி ஒரு நூறு. குன்றிமணி நஞ்சு, வாயில வைக்கிற வயசுப் பிள்ளையள் வந்தா அது வேண்டவே வேண்டாம், புளியங்கொட்டை எடுங்க. கச்சான் கொட்டை வைச்சு விளையாடினா பாதி விளையாட்டில எண்ணிக்கை குறையும், அதைக் கடைசியில சாப்பிடக் குடுங்க. பழைய கலண்டர் மட்டை, ரெண்டு பக்கமும் நிறம் உள்ள பிரிஸ்டல் போட் நாலு, கத்தரிக்கோல் மூண்டு, பசை, கடைகளில பில் அடிக்கிற கடதாசி உருளை ஒண்டு, பாவிச்ச ஏ4 தாள் ஒரு கட்டு. பல்லாங்குழிப் பலகை இருந்தா கொண்டு வாங்க, இல்லாட்டி முட்டை மட்டையை வெட்டினா காணும். ஆடு புலி ஆட்டம் தரையில சோக்கால கீறலாம், மூண்டு புலிக்கும் பதினைஞ்சு ஆட்டுக்கும் கல்லு பொறுக்கினா சரி.

கியூப்பைக் கழிச்சா எனக்கு முதல் மாசம் எல்லாமா 2,000 ரூபாக்குள்ள முடிஞ்சுது, அதில பாதி தேத்தண்ணியும் பணிசும். பிறகு மாசம் மாசம் செலவு போட்டோகொப்பிக்குத்தான், அதையும் குறைக்கலாம், புதிரைத் தாளில அடிச்சுக் குடுக்காம கரும்பலகையில எழுதினா பிள்ளையள் தாங்களே கொப்பியில கீறுவாங்க, கீறேக்கயே பாதி விளங்கிடும்.

3. ஆக்களைச் சேர்க்கிறது

நாலு பேர் காணும், முதல் மாசத்தில பன்னிரண்டுக்கு மேல போக விடாதீங்க. வட்ஸ்அப்பில அறிவித்தல் போட்டவுடன முப்பது பெற்றோர் கோல் எடுத்தாங்க, எல்லாரும் கேட்ட முதல் கேள்வி “புலமைப்பரிசிலுக்கு உதவுமா?” அடுத்த கேள்வி “மாசம் எவ்வளவு?” நான் பயத்தில “ஓம் கொஞ்சம் உதவும்” எண்டு சொல்லிட்டன். அதுதான் என்ர பெரிய பிழை. மூண்டாங் கிழமை ஒரு அம்மா பாஸ்ட் பேப்பர் கொண்டு வந்து வைச்சா, பிள்ளையின்ர முகம் செத்துப் போச்சு.

அறிவித்தலில முதல் வரியிலயே எழுதுங்க: இது டியூசன் இல்ல, சோதனைக்குப் படிப்பிக்கிறதில்ல, காசு இல்ல, மார்க்ஸ் இல்ல. தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதுங்க, எங்கட ஊரில பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வரலாம் எண்டு தெரியணுமே, ஈர்க்கு விளையாட்டுக்கு மொழி பெரிசாத் தேவையில்ல. பெரியாக்களையும் கூப்பிடுங்க. எங்களிட்ட கிண்ணியால இருந்து ஒரு நானா வாறார், மீன் வியாபாரம், மனக்கணக்கில அவரை ஒருத்தரும் வெல்ல ஏலாது, பிள்ளையள் அவருக்குப் பக்கத்தில இருக்கத்தான் போட்டி போடுவாங்க.

4. இடமும் கடிதமும் (இதை ரெண்டு தரம் வாசியுங்க)

ஆறு பேருக்குள்ள எண்டா வீட்டு விறாந்தை காணும், ஒரு கடிதமும் தேவையில்ல. அதுக்கு மேல போனா வாசிகசாலை, சனசமூக நிலையம், கோயில் மண்டபம், பள்ளிவாசல் மண்டபம் எண்டு கேட்கலாம். பாடசாலை வகுப்பறை எண்டா அதிபர் ஓம் எண்டாலும் அதோட முடியாமப் போகலாம், வலயக் கல்வி அலுவலகம் வரைக்கும் கடிதம் போக வேண்டி வரும், நாள் எடுக்கும். நான் அங்கதான் தொடங்கினன், அதாலதான் மூண்டு மாசம் போச்சு. நீங்க வாசிகசாலையில தொடங்குங்க.

ஒரு அலுவலகத்தில என்ர கடிதத்தை மூண்டு தரம் திருப்பினாங்க. முதல் தரம் ஆளின்ர பேருக்கு எழுதினதால, அவர் மாற்றலாகிப் போயிட்டார். ரெண்டாந் தரம் முடியிற நேரம் எழுதாததால. மூண்டாந் தரம் கடிதமே துலைஞ்சு போச்சு, நான் குடுத்தன் எண்டு காட்ட என்னட்ட ஒண்டும் இருக்கேல்ல. வேலைக்கு லீவு போட்டு வெயிலுக்கால போய் நிண்டு திரும்பி வாறது சரியான கவலை, அதால விளக்கமா எழுதுறன்.

கடிதத்தைப் பதவிக்கு எழுதுங்க, ஆளின்ர பேருக்கு எழுத வேண்டாம். என்ன நாள், எத்தினை மணியில இருந்து எத்தினை மணி வரைக்கும், எத்தினை பிள்ளையள், என்ன வயசு, காசு வாங்கேல்ல எண்டது, திறப்பு ஆரிட்ட இருக்கும், ஆர் கூட்டித் துப்பரவாக்குறது, லைட்டும் ஃபேனும் பாவிப்பீங்களா, இவ்வளவும் இருக்கணும். மூண்டு மாசத்துக்கு மட்டும் கேளுங்க, நிரந்தரமா எண்டு கேட்டா யோசிப்பாங்க, மூண்டு மாசம் எண்டா லேசா ஓம் எண்டுவாங்க, பிறகு நீடிக்கலாம். கீழ கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர். ரெண்டு பிரதி கொண்டு போங்க, உங்கட பிரதியில திகதி முத்திரை குத்தி வாங்காம வெளிய வராதீங்க. குடுத்து ரெண்டு கிழமை பாருங்க, பிறகு அந்த முத்திரைப் பிரதியோட நேரில போங்க, போனில கேட்டா “பார்க்கிறம்” எண்டதுதான் விடை.

கூட வைக்க வேண்டியது: அடையாள அட்டை போட்டோகொப்பி, கிராம சேவகரின்ர சான்றிதழ். பிள்ளையளோட இருக்கப் போறதால இதைக் கேட்கிறது நியாயம், கேட்காட்டியும் குடுங்க. கிராம சேவகர் எல்லா நாளும் கந்தோரில இருக்க மாட்டார், போன் பண்ணிட்டுப் போங்க, அடையாள அட்டையும் விலாசத்துக்குக் கரண்ட் பில்லும் கொண்டு போங்க. பிறகு பிரதேச செயலகத்தில மேலொப்பம் எடுக்கணும், அதுக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்க. பழைய சான்றிதழை ஏற்காம விடலாம், கடிதம் குடுக்கிற மாசத்திலயே எடுங்க.

பெற்றோரிட்ட ஒரு சம்மதத் துண்டு வாங்குங்க. பிள்ளையின்ர பேர், ஆர் வந்து கூட்டிக்கொண்டு போறது, அவசரத்துக்கு போன் நம்பர், அலர்ஜி ஏதும் இருந்தா அது, ஃபோட்டோ எடுக்கலாமா இல்லையா. வரவுக் கொப்பி ஒண்டு. எப்பவும் ரெண்டு பெரியாக்கள் இருக்கணும், ஒருத்தருக்கு வர ஏலாட்டி அண்டைக்குக் கூட்டம் இல்ல, இதில நான் ஒரு நாளும் விட்டுக் குடுக்கிறதில்ல.

5. நாளும் நேரமும்

சனி காலமை முழுக்க டியூசன். ஞாயிறு காலமை அறநெறி. வெள்ளி மத்தியானம் ஜும்மா, பின்னேரம் கோயில். நாங்க சனிக்கிழமை பின்னேரம் 4.30 க்குத் தொடங்கி 5.45 க்கு முடிக்கிறம், மஃரிபுக்கு முதல் கிண்ணியாப் பிள்ளையள் பஸ் ஏறலாம். ஒண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல நீட்டாதீங்க, “இன்னும் கொஞ்சம்” எண்டு கேட்கேக்க நிப்பாட்டினாத்தான் அடுத்த கிழமை ஓடி வருவாங்க.

மே தொடக்கம் ஓகஸ்ட் வரைக்கும் கச்சான் காத்து, கடற்கரைப் பக்கம் திறந்த மண்டபம் எண்டா தாள் பறக்கும், கோலத்தைச் சோக்காலதான் போடணும், மாவால ஏலாது. நவம்பரில இருந்து ஜனவரி மட்டும் மழை, அந்த மாசங்களில ஒண்டை விட்டு ஒரு கிழமை வைச்சம். சாதாரண தரம், உயர்தரச் சோதனைக் காலத்தில பெரிய பிள்ளையள் வர மாட்டாங்க, அதை மனசில எடுக்காதீங்க, முடிய வருவாங்க. புதுசாத் தொடங்க நல்ல நேரம் பள்ளி விடுமுறையின்ர முதல் கிழமை.

6. முதல் நாள்

பேச்சு வேண்டாம். வந்தவுடன ரெண்டு ரெண்டு பேரா இருத்தி 21 ஈர்க்கு வையுங்க. ஒருத்தர் மாறி ஒருத்தர் ஒண்டோ ரெண்டோ மூண்டோ எடுக்கலாம், கடைசி ஈர்க்கை எடுக்கிறவர் வெற்றி. இவ்வளவுதான். முதல் பத்து நிமிசம் ஒரே சத்தம், பிறகு மெல்ல மெல்லச் சத்தம் குறையும், ஏனெண்டா ஆரோ ஒருத்தர் நாலு ஈர்க்கு மிஞ்சினா தான் செத்தன் எண்டு கண்டுபிடிச்சிருப்பார். அந்த அமைதிதான் நீங்க காத்திருக்கிற இடம். கொஞ்ச நேரத்தில எட்டு மிஞ்சினாலும் அதே கதை எண்டு வரும், பிறகு பன்னிரண்டு.

இதில நீங்க செய்யக் கூடாத ஒண்டு இருக்கு: விடையைச் சொல்லாதீங்க. ரெண்டாங் கிழமை ஒரு அப்பா, நல்ல மனுசன், மகள் கஷ்டப்படுறா எண்டு பார்க்க ஏலாம “நாலின்ர மடங்கா விட்டாச் சரி மகள்” எண்டு சொல்லிட்டார். பக்கத்தில விளையாடின நாலு சோடியும் ஈர்க்கைக் கீழ வைச்சிட்டாங்க. இனி அதில ஒண்டும் இல்லையே. பெற்றோர் பின்னால நிக்கிறது எண்டா முதல்லயே சொல்லி வையுங்க, இல்லாட்டி அவங்களையும் சோடியா இருத்தி விளையாட விடுங்க, இது இன்னும் நல்லம்.

கண்டுபிடிச்ச பிள்ளைக்கு விதியை மாத்துங்க. 20 ஈர்க்கு வைச்சா முதல் ஆளா போறது நல்லமா? ஒண்டில இருந்து நாலு வரைக்கும் எடுக்கலாம் எண்டா? கடைசியை எடுக்கிறவர் தோல்வி எண்டா? அதுவும் முடிஞ்சா மூண்டு குவியல், 3, 4, 5 எண்டு வையுங்க, ஒரு நேரத்தில ஒரு குவியலில இருந்து மட்டும் எவ்வளவும் எடுக்கலாம், பழையபடி கடைசியை எடுக்கிறவர்தான் வெற்றி. இதின்ர முழுக் கணக்கையும் 1901 ல சார்ள்ஸ் பூட்டன் எண்டவர் எழுதி வைச்சார், வழி அழகானது: ஒவ்வொரு குவியலையும் 4, 2, 1 எண்டு பிரியுங்க. 3 எண்டது 2 உம் 1 உம், 4 எண்டது 4, 5 எண்டது 4 உம் 1 உம். இப்ப 4 ரெண்டு தரம், 1 ரெண்டு தரம், 2 மட்டும் சோடி இல்லாமத் தனிய நிக்குது, அந்த 2 ஐ மூண்டுக் குவியலில இருந்து எடுத்தா எல்லாம் சோடி, எதிராளி என்ன செய்தாலும் திரும்பச் சோடியாக்கலாம். இது உங்களுக்கு மட்டும், நீங்க தெரிஞ்சு வைச்சா மாட்டுப்பட்ட பிள்ளைக்கு எந்த இடத்தில கேள்வி கேட்கிறது எண்டு தெரியும்.

கடைசிப் பதினைஞ்சு நிமிசத்துக்கு ஸ்ப்ரவுட்ஸ். ஜோன் கொன்வேயும் மைக்கல் பேட்டர்சனும் 1967 ல கேம்பிரிட்ஜில உண்டாக்கினது, தாளும் பென்சிலும் காணும். ரெண்டு புள்ளி வையுங்க. ஒரு புள்ளியில இருந்து இன்னொண்டுக்கோ, வளைஞ்சு அதே புள்ளிக்கோ கோடு கீறி அந்தக் கோட்டில ஒரு புதுப் புள்ளி வைக்கணும். கோடு கோட்டை வெட்டக் கூடாது, ஒரு புள்ளியில மூண்டு கோட்டுக்கு மேல சேரக் கூடாது. கீற இடமில்லாதவர் தோல்வி. ரெண்டு புள்ளியில தொடங்கினா அஞ்சு தரத்துக்கு மேல போகவே ஏலாது, ஏன் எண்டதைப் பெரிய பிள்ளையளிட்ட விடுங்க. வழமையா வாற பிழை, புதுப் புள்ளி வைக்க மறக்கிறது. புதுப் புள்ளியில ஏற்கெனவே ரெண்டு கோடு சேர்ந்திட்டுது எண்டதையும் மறப்பாங்க.

7. கோலம், கத்தரிக்கோல், பசை

மூண்டாங் கிழமையில இருந்து கையால செய்யிற வேலை வையுங்க, எண்ணைக் கண்டாப் பயப்பிடுற பிள்ளையள் இங்கதான் மலருவாங்க.

சிக்குக் கோலம் போடுங்க, சதுரமா வரிசையும் நிரலும் வாற புள்ளிக் கோலம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில கோடு எப்பவும் ஒண்டை ஒண்டு வெட்டணும், ஓரத்துக்குப் போனா வளைஞ்சு திரும்பணும், வேற ஒரு அலங்காரமும் சேர்க்கக் கூடாது. மூண்டு வரிசை நாலு நிரல் போட்டா முழுக் கோலமும் ஒரே கோட்டில முடியும். மூண்டுக்கு மூண்டு போட்டா மூண்டு தனிக் கோடு வேணும். நாலுக்கு ஆறு எண்டா ரெண்டு. பிள்ளையளிட்ட ஒரு அட்டவணை போட விடுங்க, 2 க்கு 3, 2 க்கு 4, 3 க்கு 6 எண்டு. கோடுகளின்ர எண்ணிக்கை ரெண்டு எண்ணுக்கும் பொதுக் காரணிகளுள் பெரியது எண்டு அட்டவணையில தானா எழும்பி நிக்கும். என்ர மகள் அதைக் கண்ட பின்னேரம் “அம்மா பொ.கா.பெ. எண்டு டீச்சர் சொன்னது இதுதானா” எண்டு கேட்டா. 1-3-5-3-1 எண்டு சாய்சதுரமா வாற கோலத்துக்கு இந்தக் கணக்குச் சரிவராது, அதைக் கலந்தா அட்டவணை குழம்பும்.

பில் கடதாசியில நீளமா ஒரு துண்டு வெட்டி ஒரு நுனியை மட்டும் கவிட்டு, அரை முறுக்கு முறுக்கி ஒட்டுங்க, அதுதான் மோபியஸ் பட்டி. நடுவால நீளப்பாட்டுக்கு வெட்டினா ரெண்டாகப் பிரியாம ஒரே பெரிய வளையமா வரும். ஓரத்தில இருந்து மூண்டில ஒரு பங்கு தள்ளி வெட்டிக்கொண்டு போனா ரெண்டு வளையம் ஒண்டுக்குள்ள ஒண்டு கொழுவி நிக்கும். வெட்ட முதல் என்ன வரும் எண்டு எல்லாரையும் கொப்பியில எழுத வையுங்க. துண்டு அரை மீற்றருக்குக் குறைஞ்சா முறுக்கில கிழியும்.

பிரிஸ்டல் போட் வாங்கச் சொன்னது தொப்பி ஓட்டுக்கு. 13 பக்கம் உள்ள ஒரு வடிவம், அதை மட்டும் வைச்சு நிலம் முழுக்க இடைவெளி இல்லாம ஓடு பதிக்கலாம், ஆனா அந்த அடுக்கு ஒரு நாளும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வராது. இப்பிடி ஒரு ஓடு இருக்குமா எண்டு கணிதக்காரர் பல பத்து வருசமாத் தேடினது, 2022 கடைசியில அதைக் கண்டவர் டேவிட் ஸ்மித், இங்கிலாந்தில அச்சுத் தொழிலில இருந்து ஓய்வு பெற்றவர், வடிவங்களை மட்டையில வெட்டி அடுக்கிப் பார்க்கிறது அவருக்குப் பொழுதுபோக்கு. பிறகு மூண்டு ஆய்வாளரோட சேர்ந்து நிரூபிச்சு 2023 மார்ச்சில வெளியிட்டார். அவருக்கு முதல் 1970களில மார்ஜரி ரைஸ் எண்ட அமெரிக்க அம்மா, பள்ளிக்கூடப் படிப்போட நிண்டவ, சமையலறை மேசையில இருந்து ஐங்கோண ஓடு பதிக்கிற நாலு புது வகை கண்டுபிடிச்சா. இந்த ரெண்டு பேரின்ர கதையையும் எங்கட கூட்டத்தில நான் திரும்பத் திரும்பச் சொல்லுறன், வாற அம்மாமாருக்காகவே.

தொப்பி ஓடு வெட்டேக்க ஒரு அச்சு மட்டை வெட்டி அதைச் சுத்திக் கீறுங்க, 40 ஓடாவது வேணும், ரெண்டு பின்னேரம் எடுக்கும். சில ஓட்டைக் கவிட்டுத்தான் வைக்க ஏலும், ஒரு பக்கம் மட்டும் நிறம் உள்ள மட்டை எண்டா வெள்ளைப் பக்கம் தெரியும், பிள்ளையள் தாங்கள் பிழை விட்டிட்டம் எண்டு கலைச்சிடுவாங்க. எங்களுக்கு அப்பிடித்தான் ஒரு பின்னேர வேலை போச்சு.

பிறந்தநாள் வாறவருக்கு ஒரு மாயச்சதுரம் குடுங்க, செலவில்லாத பரிசு. திகதி அ, மாசம் ஆ, வருசத்தின்ர முன் பாதி இ, பின் பாதி ஈ எண்டு வையுங்க:

அ, ஆ, இ, ஈ
ஈ+1, இ−1, ஆ−3, அ+3
ஆ−2, அ+2, ஈ+2, இ−2
இ+1, ஈ−1, அ+1, ஆ−1

ராமானுஜன்ர பிறந்தநாள் 22-12-1887 போட்டா முதல் வரி 22, 12, 18, 87. எந்த வரிசை, நிரல், மூலைவிட்டம் கூட்டினாலும் 139. ஜனவரி, பெப்ரவரியில பிறந்தவைக்குச் சில கட்டத்தில பூச்சியத்துக்குக் கீழ எண் வரும், அது பிழையில்ல, முதல்லயே சொல்லி வையுங்க.

8. தீராத கணக்கை எப்பிடித் தொடுறது

ரெண்டு மாசம் போகட்டும். பிறகு கொல்லாட்ஸ். ஒரு எண் எடுங்க, இரட்டை எண்டா பாதியாக்குங்க, ஒற்றை எண்டா மூண்டால பெருக்கி ஒண்டு கூட்டுங்க, இப்பிடியே போனா 1 ல வந்து முடியும். எல்லா எண்ணுக்கும் இப்பிடியா? 2 இன் 71 ஆம் அடுக்கு வரைக்கும் கம்ப்யூட்டரில பார்த்தாச்சு, தவறின எண் இல்ல, ஆனா நிரூபணமும் இல்ல. 27 ஐ எடுத்தா 111 படி, நடுவில 9232 வரைக்கும் ஏறி இறங்கும். நாங்க மண்டபத் தரையில சோக்கால 27 ஐ எழுதிக்கொண்டு போய் வாசல்படி வரைக்கும் வந்தம். ஆளுக்குப் பத்துப் படி எண்டு பிரிச்சுக் குடுங்க, 9232 வராட்டி எங்கயோ கூட்டல் பிழை, அங்கயே திரும்பிப் போங்க, கடைசி வரைக்கும் போய்த் தேடாதீங்க.

கோல்ட்பாக்கும் நல்லம்: 2 க்கு மேல உள்ள எந்த இரட்டை எண்ணையும் ரெண்டு முதன்மை எண்ணின்ர கூட்டுத்தொகையா எழுதலாமா? 1742 ல கேட்டது, இன்னும் திறந்துதான் கிடக்கு. 100 வரைக்கும் எல்லா இரட்டை எண்ணையும் பிள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுங்க.

பெரிய பிள்ளையளுக்கும் பெரியாக்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஆராவது “நான் நிரூபிச்சிட்டன்” எண்டு வருவாங்க, சந்தோசமா இருந்து கேளுங்க, ஒவ்வொரு வரிக்கும் “ஏன்?” எண்டு கேளுங்க, சிரிக்காதீங்க. ஆனா “உங்கட கண்டுபிடிப்பைப் பிரசுரிக்கிறம், இவ்வளவு டொலர் அனுப்புங்க” எண்டு மெயில் வந்தா ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். எங்கட கூட்டத்தில ஒரு தம்பி காசு கட்டப் போய்க் கடைசி நேரத்தில நிப்பாட்டினம். முதல்ல பக்கத்தில உள்ள கணக்கு ஆசிரியர் ஒருத்தரிட்ட காட்டுங்க, அதுக்குச் செலவு ஒரு தேத்தண்ணி.

9. கொப்பி ஒண்டு

கூட்டத்துக்கு ஒரு பெரிய சிஆர் கொப்பி வையுங்க. ஆர் என்ன கண்டது, எந்தத் திகதி, எங்க மாட்டுப்பட்டது, பிள்ளையின்ர சொந்தச் சொல்லிலயே எழுதட்டும். ரெண்டு மாசத்தால ஒரு பிள்ளை திரும்பி வந்து தான் எழுதின கேள்விக்குத் தானே விடை எழுதும், அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் நான் வாசிகசாலையில அடுத்த மூண்டு மாசம் வாங்கினன்.

ஒரு எண் வரிசை கிடைச்சா அது ஏற்கெனவே தெரிஞ்சதா எண்டு பார்க்க ஓ.ஈ.ஐ.எஸ் எண்ட இணையக் களஞ்சியம் இருக்கு, காசில்ல, நீல் ஸ்லோன் தொடங்கினது. ஆங்கிலத்தில இருந்தாலும் பயப்பிடாதீங்க, எண்களைக் கமா போட்டு அடிச்சாலே காட்டும். ஆனா கண்டுபிடிச்ச பிறகு மட்டும் பாருங்க.

போன சனிக்கிழமை நாங்க செய்தது இது: ஒரு வட்டம் கீறி ஓரத்தில புள்ளி வைச்சு எல்லாப் புள்ளியையும் நேர்கோட்டால இணைச்சு வட்டம் எத்தினை துண்டாகுது எண்டு எண்ணினம். ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறு புள்ளிக்கு 32 எண்டு எல்லாரும் எண்ண முதலே எழுதிட்டாங்க, எண்ணினா 31. ரெண்டு பேருக்கு 30 வந்துது, அவங்க புள்ளியைச் சம தூரத்தில வைச்சதால மூண்டு கோடு நடுவில ஒரே இடத்தில வெட்டி ஒரு துண்டு காணாமப் போச்சு, அதால புள்ளியைத் தாறுமாறா வையுங்க. ஏழு புள்ளிக்கு என்ன வரும் எண்டு நான் இதில எழுதேல்ல. கீறேக்க ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டம் எடுங்க, ஒவ்வொரு துண்டையும் நிறம் தீட்டிக்கொண்டே எண்ணுங்க, இல்லாட்டி சின்னத் துண்டுகள் ரெண்டு தரம் எண்ணுப்பட்டிடும்.